யாகப்பர் அண்ணனின் திங்கட்கிழமை முகம்

யாகப்பர் அண்ணன் குடிப்பதில்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் போன வருஷம் எங்கள் பக்கத்தில் இதை அடித்துச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. நானும் வரவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் ஆஸிகா. கட்டுகஸ்தோட்டைச் சந்திக்குக் கொஞ்சம் தள்ளிப் பாமசி வைத்திருக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று என் மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். மருந்துக் கடையில் நிற்கிறவள் நாலு வார்த்தை ஏசாவிட்டால் இந்த ஊரில் ஒருத்தரும் மருந்தை ஒழுங்காகக் குடிக்கமாட்டார்கள் என்று நான் சொல்லுவேன். யாகப்பர் அண்ணன் எங்கள் ஸ்கூல் வேன்காரர். என் மகள் றலியா ஆறு வருஷமாக அவர் வேனில்தான் கண்டிக்குப் போய் வருகிறாள்.

ஆள் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். இருபது வயதில் கண்டிக்கு வந்து, லொறியில் கிளீனராக ஏறி, லைசன் எடுத்து, கடைசியில் ஒரு பழைய வெள்ளை வேனைச் சொந்தமாக்கிக்கொண்டார். பத்தொன்பது வருஷமாக அதே ரோட்டு, அதே நேரம், பதினான்கு பிள்ளைகள். கேட்டுக்கு முன்னால் நின்று ஹோர்ன் அடிக்கமாட்டார். அடித்தால் பிள்ளை பாண் துண்டை வாயில் திணித்துக்கொண்டு ஓடிவரும், விக்கும் என்பார். டாஷ்போர்டில் மாதா படம். அதற்குக் கீழே ஒரு பிஸ்கட் டின். அதற்குள் பென்சில், சேப்டி பின், வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு ஷொப்பிங் பேக், அழுகிற பிள்ளைக்கு இஞ்சி டொபி எல்லாம் இருக்கும். யாருக்கு எந்த நாள் பரீட்சை என்பது பெற்ற தாய்க்கு மறந்தாலும் அவருக்கு மறக்காது. அவர் மனைவி பியட்றிஸ் பல்லேகலையில் ஒரு தையல் ஃபெக்டரியில் வேலை செய்கிறாள். இரண்டு பேருமே சிரித்த முகம். போன வருஷம் ஜனவரியில் அந்த முகத்துக்குத்தான் ஏழரை பிடித்தது.

முதலில் காது மடலில் ஒரு அரிப்பு. மூன்று கிழமை, அதாவது இருபத்தொரு நாள் கழித்து நெற்றியோரம் சொறிந்து சொறிந்து தடித்துப்போனது. அதற்கு அடுத்த தடவை கண்ணிமை இரண்டும் பணியாரம் மாதிரி பொங்கி நின்றன. எல்லாம் திங்கட்கிழமை. சொல்லி வைத்தது போல மூன்று கிழமைக்கு ஒரு திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை மனைவியைக் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"என்னத்த பூசினீங்க அண்ணன்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பூசலீங்க மிஸ். சவுக்காரம் போடவே பயமா இருக்கு."

"அப்ப என்னத்த சாப்பிட்டீங்க?"

அவர் வாயைத் திறக்கு முன் பியட்றிஸ் முந்திக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம கெலவல்லா மீன் ஆக்குனேங்க மிஸ். அதுதான் சூடு. அது சூடுன்னு சொல்லச் சொல்லக் கேக்காம ரெண்டு துண்டு தின்னாரு."

தோலில் எது வந்தாலும் எங்கள் ஊரில் முதலில் பிடிபடுவது கறிச்சட்டிதான். அன்றைக்கு மீன் நின்றது. அடுத்த மாதம் கத்தரிக்காய் நின்றது. பிறகு தக்காளி, அன்னாசி, இறால், முட்டை. ஏப்ரல் முடியும்போது மனிசன் சோறும் புடலங்காயும் தின்று, சூடு தணிய நாளுக்கொரு தெம்பிலி இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். இடுப்பு பெல்டில் ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தார். முகம் மட்டும் மூன்று கிழமைக்கு ஒரு தடவை தவறாமல் வீங்கியது.

சாப்பாட்டில் கள்ளன் அகப்படவில்லை என்றதும் வைத்தியம் வெளியில் ஆரம்பித்தது. வேப்பஞ் சவர்க்காரத்தால் காலையும் மாலையும் தேய்த்தார். ஒருத்தர் சொன்னார் என்று சுடுநீரில் கழுவினார், இன்னொருத்தர் சொன்னார் என்று தேசிக்காய்ப் பாதியைப் புளிச்சாறு சொட்ட எடுத்து உரசினார். கண்ணைச் சுற்றி தலையிடி பாம் தடவினார். மாத்தளை பஸ் கண்டக்டர் ஒருவன், ஷேவ் எடுத்த பிறகு போடும் லோஷன் இருக்கிறதே, அதைப் பூசினால் கிருமி எல்லாம் செத்துவிடும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறான். அதையும் காலையில் வேன் எடுக்க முன் கைநிறைய ஊற்றிப் பூசினார்.

"எரியல்லயா?" என்று கேட்டேன்.

"எரியிதுங்க மிஸ். எரிஞ்சாத்தானே மருந்து வேல செய்யிது."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த மாத்திரை அட்டையை கவுண்டரில் அடித்தேன். "மருந்து வேல செய்ற இல்ல அண்ணன், தோல் அழுவுது. எல்லாத்தயும் நிப்பாட்டுங்க" என்றேன். தலையை ஆட்டினார். நிறுத்தவில்லை. நானும் அரிப்புக்கு, வேன் ஓட்டுகிறவர் ஆயிற்றே என்று பார்த்து, தூக்கம் அதிகம் வராத மாத்திரையாகக் கொடுத்து அனுப்பினேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இனி டிலானியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிலானி யாழ்ப்பாணத்துப் பெண், கண்டியில் ஒரு வங்கியில் அதிகாரி, மாற்றலாகி வந்து மூன்று வருஷம். மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரே மகன். நல்ல மனிசி, ஆனால் பயந்த சுபாவம். பேப்பரில் எங்காவது ஒரு வேன் பள்ளத்தில் விழுந்தது என்று படித்தால் அன்றைக்கு முழுக்க அவளுக்குத் தண்ணீர் இறங்காது. அப்படிப்பட்டவள், மூன்று கிழமைக்கொரு திங்கட்கிழமை சிவந்த கண்ணும் ஊதின முகமுமாக ஒரு ட்ரைவரைப் பார்க்கிறாள். கிட்டப் போனால் ஸ்பிரிட் வாடை வேறு. ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள் திங்கட்கிழமை. யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்?

மே மாதக் கடைசியில் ஒரு திங்கள், காலை ஆறேகாலுக்கு வேன் டிலானி வீட்டு வாசலில் நின்றது. யாகப்பர் அண்ணனுக்கு அன்றைக்கு வலது கண் முழுதாக மூடிவிட்டது. இடது கண் ஒரு கீற்று. டிலானி பார்த்தாள். ஏறிய மகனைக் கையைப் பிடித்து இறக்கி வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியதெல்லாம் பெற்றோர்களுடைய வாட்ஸப் குரூப்பில். அரை மணி நேரத்தில் நாற்பது மெசேஜ். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தன் வீட்டில் எல்லாரும் கூட வேண்டும், வேறு வேன் பார்க்க வேண்டும் என்று போட்டிருந்தாள்.

பிறகு எனக்குப் போன் எடுத்தாள். "அக்கா, அவர் குடிச்சிட்டு வாறார் எண்டு நான் சொல்லேல்ல. ஆனா நீங்க மருந்து படிச்சனீங்க. அந்த முகத்தைப் பாத்திட்டு உங்களுக்கு என்ன தோணுது?"

இந்த இடத்தில்தான் நான், "சீச்சீ, அந்த மனிசன் வாயில் ஒரு சொட்டு வைக்கமாட்டார்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? "எனக்குச் சரியாத் தெரியா டிலானி" என்றேன். மனதுக்குள் நானும் கணக்குப் போட்டிருந்தேன். ஞாயிறு போட்டால் திங்கள் காட்டும். ஆறு வருஷமாக என் பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்துக் கொண்டுபோய்க் கொண்டுவந்த மனிசனைப் பற்றி நான் அப்படித்தான் நினைத்தேன்.

அன்றைக்குப் பதினொரு மணி போல அவரே கடைக்கு வந்தார். நிறை பார்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையில் உட்கார்ந்தார். கன்னத்துத் தோல் வெடித்து நீர் கசிந்துகொண்டிருந்தது.

"மிஸ், நீங்களும் அப்படித்தான் நெனைக்கிறீங்களா?"

நான் பஞ்சை எடுத்தேன்.

"எங்கப்பா குடிச்சே செத்தவரு மிஸ். சம்பள நாளைக்கு ரோட்டோரச் சாக்கடக் கான்ல விழுந்து கெடப்பாரு. நானும் அம்மாவும் போய்த் தூக்குவோம். நான் பத்து வயசுப் பையன். என்கூடப் படிச்ச புள்ளைங்க எல்லாம் பொஸ்தகத்தக் கட்டிப்புடிச்சிக்கிட்டு, பாத்துக்கிட்டே போகும். அன்னைக்கு மாதா மேல கைவச்சி சத்தியம் பண்ணேன். அம்பது வருஷமா மோந்துகூடப் பாத்ததில்ல. என்னைய கள்ளன்னு சொல்லட்டும், பொறுத்துக்குவேன். புள்ளைங்க இருக்கிற வேன்ல வச்சி என்னைய அந்தப் பேரு சொல்லாதீங்க மிஸ்."

மூடின கண்ணிலிருந்து கண்ணீர் எப்படி வருமோ தெரியாது, வந்தது. பட்ட இடமெல்லாம் எரிந்திருக்கும், துடைக்கவும் முடியவில்லை. கடையை வேலை செய்கிற பிள்ளை நிரோஷாவிடம் விட்டுவிட்டு, ஓட்டோ பிடித்து அவரை ஹுதைபாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஹுதைபா என் சாச்சாவின் மகன், தோல் டொக்டர். என்னை ராத்தா என்று கூப்பிடுகிற தம்பி. அந்த உரிமையில் வரிசையில் நிற்காமல் உள்ளே நுழைந்துவிட்டேன்.

ஹுதைபா வெளிச்சத்தைப் பிடித்து இமையைப் பார்த்தான், காதுக்குப் பின்னால் பார்த்தான், கழுத்தைப் பார்த்தான். சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. முகத்தில் என்னென்ன பட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினான். சவர்க்காரம், தேசிக்காய், பாம், லோஷன் எல்லாம் கேட்டு முடிந்ததும் பேனாவை வைத்தான்.

"இதெல்லாம் வீங்கின பொறவு பூசினது. வீங்க முந்தி என்ன? ஏன் எப்பவும் திங்கக்கெழம? சனிக்கெழம என்ன செய்ற நீங்க?"

"வேனக் கழுவுவேங்க டொக்டர்."

"ஞாயித்துக்கெழம?"

"காலம்பற மாதா கோயிலுக்குப் போவேன். பூச பாத்திட்டு வந்து படுத்துருவேன்."

"தலைக்கு என்ன போடுற?"

"தேங்காண்ணதாங்க" என்றார் யாகப்பர் அண்ணன். "வேற ஒண்ணுமே இல்ல."

அது பொய். பொய் என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

தலைக்கு டை வாங்க வருகிற ஆம்பிளைகள் இருக்கிறார்களே, வந்தவுடனே கேட்கமாட்டார்கள். இருமல் மருந்துப் போத்தலை எடுத்துப் பார்ப்பார்கள். மெஷினில் ஏறி நிறை பார்ப்பார்கள். கடையில் நிற்கும் பெண்கள் எல்லாம் போன பிறகு கவுண்டரின் ஓரத்துக்கு வந்து, "அந்தச் சாமான் ஒண்ணு" என்பார்கள். எந்தச் சாமான் என்று நான் கேட்பதில்லை. பக்கட்டைப் பேப்பரில் சுற்றி, முகத்தைப் பார்க்காமல் கொடுத்துவிட்டு, அந்த நிமிஷமே மறந்துவிடுவேன். அது எங்கள் கடையின் மரியாதை. யாகப்பர் அண்ணன் எட்டு வருஷமாக மூன்று கிழமைக்கு ஒரு சனிக்கிழமை அந்திக்கு அப்படித்தான் வாங்கிக்கொண்டு போகிறார். செவ்வாய்க்கிழமை மனைவியோடு வந்து நிற்கும்போது, என்ன பூசினீர்கள் என்று நானே கேட்டு, ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதும் நானே ஒத்துக்கொண்டு, மாத்திரை கொடுத்திருக்கிறேன். மனைவிக்கு முன்னால் டை பேச்சு எடுப்பது மரியாதை இல்லை அல்லவா? எடுக்காமல் எடுக்காமல் எனக்கே மறந்துபோய்விட்டது.

அந்த மரியாதை அந்த நேரத்திலும் என் வாயைக் கட்டப் பார்த்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டேன்:

"அண்ணன், மிச்சம் நாளைக்கு முந்தி இல்ல, முந்தாநேத்து சனிக்கெழம அந்திக்கு என்ட கடையில என்னத்த வாங்கினீங்க? டொக்டருக்குச் செல்லுங்க."

அவர் தரையைப் பார்த்தார். "டை" என்றார். குரலே இல்லை.

ஹுதைபா கதிரையில் சாய்ந்து, "முதல்லயே செல்லியிருந்தா அஞ்சு மாசம் மிச்சம்" என்றான்.

"எட்டு வருஷமா பூசுறேனுங்க டொக்டர். எட்டு வருஷமா ஒண்ணும் செய்யாதது இப்ப எப்படி செய்யும்?"

"அதுதான் இதுட கள்ளத்தனம். இன்டைக்குப் பூசி இன்டைக்கே எரிஞ்சா ஆருக்கும் வெளங்கும். இது வருஷக் கணக்கில சும்மா ஈக்கும். ஒரு நாள் ஒடம்பு 'இது எனக்கு ஆகாது' என்டு முடிவெடுக்கும். எடுத்தா மாத்தாது. அதுக்குப் பொறவு எப்பப் பூசினாலும், ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுத்தான் வீங்கும். சனி பூசினா திங்கள். தலைத் தோல் தடிப்பம், அதால தலையில பெரிசா ஒன்டும் காட்டாது. கண்ணிமை மெல்லிசு. அங்கதான் வெளிய வரும். அதாலதான் ஒருத்தரும் தலைய சந்தேகப்படுற இல்ல."

சனிக்கிழமை வியாதியையும் செவ்வாய்க்கிழமை மருந்தையும் ஒரே கவுண்டரில், ஒரே கையால், ஐந்து மாதமாக விற்றவள் நான். அங்கேயே எழுந்து வெளியே ஓடிவிடலாமா என்று இருந்தது. பக்கட்டின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில், பூச நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன் கொஞ்சமாகத் தோலில் வைத்துப் பார்க்கவும் என்று போட்டிருக்கிறது. அதை ஒரு நாளாவது ஒருத்தருக்காவது வாசித்துக் காட்டியிருக்கிறேனா?

ஹுதைபா சொன்னது இரண்டு விஷயம். டை ஒரு பிரச்சினை, அது இந்தப் பிறவிக்கு ஆகாது. மற்றது, அவர் செய்த வைத்தியம். தோலுக்கு மேலே ஒரு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கிறது, அதுதான் வெளியில் இருப்பதை உள்ளே விடாமல் தடுக்கிறது. சுடுநீரும் சவர்க்காரமும் தேசிக்காயும் ஸ்பிரிட்டும் சேர்ந்து அதைச் சுரண்டி எடுத்துவிட்டன, அதனால்தான் இப்போது வெறும் தண்ணீர் பட்டாலும் எரிகிறது என்றான். வீக்கத்துக்கு ஒரு கிழமைக்கு மாத்திரையும் களிம்பும் எழுதினான். மற்றபடி எல்லாம் நிறுத்து. பச்சைத் தண்ணீரில் கழுவு. வாசமில்லாத சவர்க்காரம், அதுவும் கொஞ்சமாக. முகத்து ஈரம் காய முன் வாசமில்லாத வெள்ளைக் களிம்பை மெல்லிசாகப் பூசு. வேன் ஜன்னல் பக்கம் வெயில் படாமல் ஒரு துணி கட்டு. புதிதாக எதைப் பூசுவதென்றாலும் முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் வைத்து இரண்டு மூன்று நாள் பார். எரிந்தால் அது மருந்து இல்லை. வீக்கம் இறங்கின பிறகு முதுகில் சின்னச் சின்ன ஒட்டு ஒட்டி, எந்தச் சாமான் என்று உறுதியாகப் பார்ப்போம் என்றான்.

"அப்ப மருதாணித் தூள் போடலாங்களா டொக்டர்? இயற்கைன்னு சொல்றாங்க."

"கறுப்பாப் பிடிக்கும் என்டு விக்கிற தூள்ல அனேகமா இதே சாமான்தான் கலந்து ஈக்கி. வேணாம்."

"கத்தரிக்காய்?"

"நல்லாச் சாப்பிடுங்க. கத்தரிக்காய் உங்களுக்கு ஒரு பாவமும் செய்யல்ல."

வெளியே வந்து ஓட்டோவுக்கு நின்றபோது, இனி டை பூசமாட்டேன் என்று சொல்லுவார் என்று பார்த்தேன். மனிசன் கல் மாதிரி நின்றார்.

"நரைச்ச தலையோட எப்படிங்க மிஸ் வேன் ஓட்டுறது? கெழவன், கண்ணு தெரியுமோ என்னமோன்னு புள்ளைங்கள நிப்பாட்டிருவாங்க. எல்லாருக்கும் நான் அம்பது வயசுன்னு நெனப்பு."

எனக்கு ஏறின சூட்டுக்கு ரோட்டு என்றும் பார்க்கவில்லை. "குடிகாரன் என்டு பேர் எடுக்கிறதா, கிழவன் என்டு பேர் எடுக்கிறதா? ரெண்டுல ஒன்ட எடுங்க அண்ணன். ரெண்டுக்கும் நடுவில ஒன்டும் இல்ல." ஓட்டோக்காரன் சிரித்தான். அவனையும் ஏசினேன்.

அன்றைக்கு அந்தியில் பியட்றிஸ் களிம்பு வாங்க வந்தாள். டை விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று நான் தயங்க, அவள் சிரித்தாள். "அவரு டை அடிக்கிறது எனக்குத் தெரியாம என்ன மிஸ்? தலகாணி ஒற எல்லாம் கறுப்பு. அவரு சொல்லல, நானும் கேக்கல." ஆக, மூன்று பேருமே மரியாதை பார்த்திருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை அவருக்குப் பதிலாகக் கூட்டாளி ஒருவர் வேன் ஓட்டினார். புதன்கிழமை வீக்கம் பாதி இறங்கி, கண் திறந்து, யாகப்பர் அண்ணன் தானே வந்தார். தலையை சலூனில் கொடுத்து வழுவழு என்று மழித்திருந்தார். என் மகள் வேனுக்குள் ஏறுமுன் நின்று பார்த்து, "அங்கிள், கோயில் நேத்தியா?" என்று கேட்டாள். "ஆமா மகள், பெரிய நேத்தி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை டிலானி வீட்டில் பதினெட்டுப் பேர். யாகப்பர் அண்ணனும் பியட்றிஸும் கோயிலுக்குப் போன உடுப்போடு ஒரு ஓரமாக நின்றார்கள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மழித்த தலையில் நாலு நாள் முடி, தூவின உப்பு மாதிரி வெள்ளையாக முளைத்திருந்தது.

நான்தான் பேசினேன். டை பக்கட் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன், அதன் பின்பக்கத்தை வாசித்துக் காட்டினேன். சனிக்கிழமை பூசினால் திங்கட்கிழமை ஏன் வீங்குகிறது என்று ஹுதைபா சொன்னதைச் சொன்னேன். ஸ்பிரிட் வாடை எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். "டிலானி, அன்டைக்கு நீ கேட்டப்போ தெரியா என்டு சொன்னேன். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். வித்தது நான்தான். இந்த மனிசன்ட பேர் கெட்டதுல பாதிப் பிழை என்ட கடையில ஈக்கி" என்றேன். அவ்வளவு பேருக்கு முன்னால் பிழையை ஒத்துக்கொள்வது எனக்கு லேசான காரியமில்லை.

தகப்பன்மார் மூன்று நாலு பேர் மெதுவாகத் தங்கள் காது மடலைத் தொட்டுப் பார்த்தார்கள். அவர்களும் என் கடை வாடிக்கைதான். ஒருத்தரையும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

டிலானி யாகப்பர் அண்ணனைக் கேட்டாள். "அப்ப உண்மையா உங்களுக்கு எத்தினை வயசு?"

"அறுவத்தொண்ணுங்க மிஸ்." கொஞ்சம் நிறுத்தி, "கெழவன்தான். குடிகாரன் இல்லீங்க" என்றார்.

"கண் தெரியுமோ?"

அவர் திரும்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தூரத்தில் வளைவில் ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. "மடவளை பஸ்ஸுங்க. முன் கண்ணாடியில 'கடவுள் துணை'ன்னு சிங்களத்துல எழுதியிருக்கு. சீட் ஒண்ணும் காலி இல்ல" என்றார். எனக்கு அது பஸ் என்பதே அப்போதுதான் தெரிந்தது. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். டிலானி சிரிக்கவில்லை.

"நான் நம்புறன் எண்டு இப்ப சொல்லமாட்டன்" என்றாள். "மூண்டு திங்கக்கிழமை நான் கேட்டடியில நிண்டு உங்கட முகத்தைப் பாப்பன். பிறகு சொல்லுறன்." அவள் சொன்னதில் பிழை இல்லை. ஒற்றைப் பிள்ளை அல்லவா? யாகப்பர் அண்ணன் சரிங்க மிஸ் என்று கும்பிட்டார். வேறு வேன் பார்க்கும் பேச்சு மூன்று கிழமைக்குத் தள்ளிப்போனது.

இதற்கிடையில் என் கடையில் ஒரு சட்டம் போட்டேன். டை பக்கட் வாங்குகிற ஒவ்வொருத்தருக்கும் பின்பக்கத்தை உரத்து வாசித்துக் காட்டுவது. நான் வாசிக்க ஆரம்பித்ததும் பாதிப் பேர் இருமல் மருந்துப் போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து அலுமாரி ராக்கைக்கு நழுவுவார்கள். நழுவட்டும், அங்கேயும் என் குரல் கேட்கும். ஒருவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்கு மாறிவிட்டார். இன்னொருவர் முழங்கையில் வைத்துப் பார்த்து, சிவந்துபோய், வந்து நன்றி சொன்னார். யாகப்பர் அண்ணனுக்கு முதுகில் ஒட்டு ஒட்டிப் பார்த்ததிலும் டைச் சாமான் பட்ட இடம்தான் கொப்பளித்தது. பியட்றிஸ் அன்றைக்கே கத்தரிக்காய் மோஜு செய்து, எனக்கும் ஒரு டப்பா கொடுத்தனுப்பினாள்.

முதல் திங்கள் டிலானி கேட்டடியில் நின்று, ட்ரைவர் பக்கக் கண்ணாடியை இறக்கச் சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது திங்களும் பார்த்தாள். முகம் தெளிந்துகொண்டு வந்தது. எரிச்சல் போய்விட்டது, கன்னத்தில் கொஞ்சம் கறுத்த தழும்பு மட்டும் மிச்சம்.

மூன்றாவது திங்கள், டிலானி வீடு முடிந்து வேன் எங்கள் வாசலுக்கு வந்தது. றலியா ஏறினாள். நான் ஜன்னல் பக்கம் போனேன். தலையில் வெள்ளை முடி அரை விரல்கடை வளர்ந்து, ஆளுக்கு ஒரு புது லட்சணம் வந்திருந்தது.

"இன்னைக்கு டிலானி மிஸ் கேட்டுக்கு வரலீங்க" என்றார். "புள்ள தனியா வந்து ஏறுச்சு. உள்ளுக்கு இருந்து கையக் காட்டினாங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்ப இனி என்ன, ராசா மாதிரி நரையோட ஓட்டுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தலைக்கு மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தார். "மிஸ், ஒங்ககிட்ட ஒரு பொய் சொல்லியிருக்கேன். கெழவன்னு சொல்லுவாங்கன்னு டை அடிச்சேன்னு சொன்னேன்ல, அது பாதிதாங்க. எட்டு வருஷத்துக்கு முந்தி ஒரு நாளு மொகம் கழுவிட்டுக் கண்ணாடியப் பாத்தேன். நரைச்ச தலையோட எங்கப்பா நின்னாரு. அச்சு அசலா அதே மொகம். பயந்துபோயி அன்னைக்கே ஒங்க கடைக்கு வந்தேன்."

பின்னால் பிள்ளைகள் எதற்கோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்பவும் தெரியிறாரா?" என்று கேட்டேன்.

"தெரியிறாருங்க மிஸ். தெனமும் தெரியிறாரு. பதினாலு புள்ளைங்கள பின்னுக்கு வச்சிக்கிட்டு, நிதானமா ஒக்காந்திருக்காரு. அவர அப்படி நான் பாத்ததே இல்லீங்க."

கியரைப் போட்டு, வேனை மெதுவாக ரோட்டில் ஏற்றினார்.